திருந்திய அப்பா

போன வார அத்தியாயத்தில் மாஸ்டரைக் கூட்ட அறையின் கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டு, திரையில் அவர் மகள் முகம் வந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். ஒரு வாரமாக அந்த மனுஷன் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். வாருங்கள், எழுப்பிவிடுவோம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இரண்டு பிரேக் வைத்த பழைய கார் ஒன்று, அதன் கூரையில் ஒரு போர்டு, அவ்வளவுதான் அவருடைய பள்ளிக்கூடம். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஒரே மகள். பிறந்தபோது கையளவுதான் இருந்தாளாம், அதனால் சுண்டு. இப்போது அப்பாவைவிட உயரம்.

சுண்டுக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைக்கிற மாதிரி இருக்கிறது. செலவில் பெரும்பகுதியை அந்தக் கல்லூரியே ஏற்கும். ஆனால் சும்மா இல்லை. போவதற்கு முன்னால் பிள்ளைகள் தங்களை வளர்த்துக்கொள்ள ஐந்து இலக்கு வைத்து எட்டிக் காட்ட வேண்டும், அதைப் பற்றிப் பேசிப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். இப்படிச் சொன்னவர் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் அலுவலகத்தில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். டை கட்டியவன் தண்ணீர் கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன் நான். மாஸ்டர் அப்படி இல்லை.

தானே சமைக்க வேண்டும். கார் ஓட்ட வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் திக்காமல் பேச வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும். பிடிக்காததற்கு 'இல்லை' என்று சொல்லப் பழக வேண்டும். இவைதான் சுண்டு வைத்துக்கொண்ட இலக்குகள்.

"இதுக்கெல்லாமா இலக்கு வைப்பாங்க? நாங்கல்லாம் பசிச்சா சமைச்சோம்" என்று மாஸ்டர் முதலில் சிரித்தார். அப்புறம் அவர்தான் முன்னால் நின்றார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளிநாட்டு வீட்டு ஓனராக வந்து மகளிடம் வாடகைச் சண்டை போட்டார். அவள் கருக்கியதையெல்லாம் "இன்னும் கொஞ்சம் வை" என்று கேட்டுச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். அவள் தனியாக இருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, புருஷனும் பெண்டாட்டியும் தெருமுனையில் காருக்குள் உட்கார்ந்து, பன்னைப் பிய்த்துத் தின்றபடி, வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று அந்த அலுவலகத்தில் பெற்றோர் கூட்டம். "பதினோரு மணிக்கு வந்தா போதும்பா" என்றுதான் சுண்டு சொல்லியிருந்தாள். வகுப்புக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை, மாஸ்டர் முன்னாலேயே வந்துவிட்டார். மகள் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

திரையில் சுண்டு ஆங்கிலத்தில் பேசினாள். மாஸ்டருக்கு ஆங்கிலம் வராது. வராவிட்டால் என்ன, மகள் தடங்கல் இல்லாமல் பேசுகிறாள், அது போதும் என்று வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய காரில் சாய்ந்து நின்றுதான் பேசினாள். கூரைப் போர்டு பளிச்சென்று தெரிந்தது.

டைக்காரர் படத்தை நிறுத்தினார்.

"பெற்றோருக்காக நம்ம பேச்சுல சொல்றேன். இந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னா, எங்கப்பா ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பார். ஆனா வீட்டுல என்னைச் சாவியைத் தொட விட மாட்டார். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு கேட்பார். அவர் கண்ணுல படாம ஓட்டக் கத்துக்கணும், அதுதான் என் முதல் இலக்கு."

அறையில் "ச்சு ச்சு" என்று சத்தம் எழுந்தது. படம் ஓடியது. மறுபடி நின்றது.

"அப்பாவோட செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குப் பேச்சு திக்கும். வெளிநாட்டுல வேலை கேட்டுப் போறப்போ அப்படித் திக்கக் கூடாது. அது ரெண்டாவது இலக்கு. பாருங்க, தடை என்னன்னு தெளிவா சொல்லுது. இப்படித்தான் இலக்கு வைக்கணும். தேர்வு பண்றவங்க இதைப் பார்த்துக் கண் கலங்கிட்டாங்க."

மாஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். மகனுக்காக வந்தவராக இருக்கும். மாஸ்டர் தொடையில் தட்டினார்.

"இப்படியும் ஒரு அப்பன் இருப்பானா சார்?"

மாஸ்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருப்பான் போல."

"அட, இந்தக் கார் எங்க தெருப் பக்கம்தான் சுத்துது. என் மருமக இவன்கிட்டதான் சேரணும்னு சொல்லிட்டிருந்தா. நல்லவேளை, பார்த்தேன்."

மாஸ்டர் எழுந்தார். பெரியவரின் காலை மிதிக்காமல், நாற்காலியை இழுக்காமல், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தார். கோபக்கார அப்பன் என்று ஊருக்கே படம் போட்டுக் காட்டுகிற நேரத்தில் கதவைக்கூட மெதுவாகச் சாத்துகிறவர் அவர்.

படிக்கட்டில் சுண்டு ஏறி வந்துகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தில் மணியைப் பார்த்தாள். உள்ளே டைக்காரர் குரல் கேட்டது. அவ்வளவுதான், முகம் செத்துப்போயிற்று.

"அப்பா... எப்ப வந்தீங்க?"

"நீ திக்காம பேசுறப்பவே வந்துட்டேன்."

கீழே கார் நின்றது. பழக்கதோஷம், சுண்டு ஓட்டுகிறவர் இருக்கையில் ஏறிவிட்டாள். மாஸ்டர் பக்கத்து இருக்கையில், காலடியில் இரண்டாவது பிரேக்கோடு உட்கார்ந்தார். அவள் நன்றாக ஓட்டப் பழகியபிறகு அந்தப் பிரேக்கை அவர் தொட்டதே இல்லை. 'என் காலுக்கு வேலை இல்லாம பண்ணிட்டா' என்று டீக்கடை முழுக்கச் சொல்லித் திரிந்தவர்.

கார் தெருவுக்கு வந்தது. முன்னால் ஆள் இல்லை, வண்டி இல்லை. மாஸ்டர் பிரேக்கை அழுத்தினார். கார் குலுங்கி நின்றது.

"ஏம்பா?"

"ஓட்ட விடாத அப்பன்ல, அதான்."

சுண்டு மறுபடி கிளப்பினாள். கொஞ்ச தூரத்தில் மறுபடி அழுத்தினார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்.

"அப்பா, ஜனங்க பார்க்கிறாங்க."

"பார்க்கட்டுமே. படம்தான் ஏற்கெனவே ஓடிடுச்சே."

மூன்றாவது முறை அவர் அழுத்தவில்லை. ஆனால் வீடு வரும்வரை காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவும் இல்லை.

வீட்டில் அம்மா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். மருந்துக்கடை மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு பேரும் வந்த விதத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள்.

"பார்த்துட்டீங்களா?"

மாஸ்டர் அப்படியே நின்றார். ஒரு கத்தி இறங்கிய இடத்தில் இன்னொன்று இறங்கினால் இப்படித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

"என்னத்தைப் பார்த்தேன்னு கேட்கலையே நீ. அப்போ உனக்கும் தெரியும்."

"உட்காருங்க முதல்ல."

"எப்ப இருந்து தெரியும்?"

"என்னங்க, அது உங்க கதை இல்ல. எங்கப்பா கதை. சைக்கிளைத் தொட்டேன்னு என்னை அறையில வச்சுப் பூட்டினாரே, அது. அவர் செருப்புச் சத்தம் கேட்டா எனக்குத்தான் திக்கும். படத்துக்காக இவ கேட்டா, சொன்னேன்."

"மாமனார் போய்ச் சேர்ந்துட்டார். அவர் தலையிலேயே போட்டிருக்கலாமே? வந்து கேட்கவா போறார்?"

சுண்டு வாயைத் திறந்தாள். "தாத்தான்னா எடுபடாதுன்னாங்கப்பா. இப்ப உயிரோட இருக்கிற தடைதான் வேணுமாம்."

"தடை!" மாஸ்டர் அந்த வார்த்தையைத் துப்பினார்.

"முதல்ல உண்மையைத்தாம்பா பேசினேன். எங்கப்பாதான் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார், துண்டு கட்டிக்கிட்டு ஓனரா வந்தார், எல்லாம் சொன்னேன். அந்த சார் அதை அனுப்பவே மாட்டேன்னுட்டார். எல்லாப் பிள்ளையும் சமைச்சேன், ஓட்டினேன்னுதான் சொல்லுது, உன்னுதுல என்ன இருக்குன்னு கேட்டார். திரும்பப் பேசினேன். அதையும் தள்ளிட்டார். நல்ல அப்பாவை யாரும் பார்க்க மாட்டாங்களாம்."

"பிடிக்காததுக்கு இல்லைன்னு சொல்லப் பழகுறேன்னு ஒரு இலக்கு வச்சியே. அந்த டைக்காரன்கிட்ட அது வரலையா?"

சுண்டு மேசைமேல் கிடந்த ஸ்பூனைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

அம்மா நடுவில் வந்தாள். "நான் படிக்க முடியாம போனது நிஜம்தானே? அது ஒரு தடவையாவது இந்த வீட்டுக்கு உதவட்டுமேன்னு கொடுத்தேன். அதுல என்ன தப்பு?"

"உன் கதையைக் கொடுத்தே. சரி, அது உன்னுது. என் முகத்தை எதுக்குக் கொடுத்தே? போர்டு தெரியுது, கார் தெரியுது. பக்கத்துல உட்கார்ந்திருந்த ஆள், என் மருமகளை இவன்கிட்ட அனுப்ப மாட்டேன்னு என்கிட்டயே சொல்றான். பொம்பளைங்க நம்பி ஏறுற வண்டிடீ அது. வேற என்ன இருக்கு என்கிட்ட?"

"அந்தக் கூட்டத்துல போட்டுக் காட்டுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? வெளிநாட்டுக்காரங்க பார்த்துட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சோம். அதுவும் இங்கிலீஷ்லதானே இருக்கு, உங்களுக்கு..."

சொல்லிவிட்டு அம்மா நாக்கைக் கடித்தாள். கடித்து என்ன பிரயோஜனம்.

மாஸ்டர் மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்குப் புரியாதுங்கிற தைரியம்."

மகள் கதையை மாற்றியதைக்கூட அவர் விழுங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். இதை விழுங்க முடியவில்லை. பெண்டாட்டியும் மகளும் கூடி உட்கார்ந்து, இந்த ஆளுக்கு எது தெரியாது என்று பார்த்து, அந்த இடமாகக் குழி வெட்டியிருக்கிறார்கள். வெளி ஆள் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

சுண்டு தயங்கித் தயங்கி அடுத்ததைச் சொன்னாள். நல்ல செய்தியையே இந்தக் காலத்துப் பிள்ளைகள் நேராகச் சொல்வதில்லை, கெட்ட செய்தியையா சொல்லிவிடுவார்கள்?

"அப்பா, இன்னிக்குச் சாயங்காலம் அவங்க உங்ககிட்ட பேசணும்னு கேட்டிருக்காங்க. திரையில வருவாங்க."

"எவங்க?"

"தேர்வு பண்றவங்க. அந்த அப்பா இப்ப மனசு மாறிட்டாரான்னு தெரிஞ்சுக்கணுமாம். அப்புறம்தான் இடம் உறுதி."

"நல்ல சட்டை போட்டுக்கோங்கப்பான்னு காலையில சொன்னியே, அது இதுக்குத்தானா?"

தலையை ஆட்டினாள்.

"நான் தடுக்கலைன்னு சொன்னா?"

"நான் பொய் சொன்னேன்னு ஆகும். இடம் போயிடும்பா. வேற கல்லூரியிலயும் இனி சேர்க்க மாட்டாங்க."

"தடுத்தேன்னு சொன்னா?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. இருந்திருந்தால் நானும் எழுதியிருப்பேன்.

சாயங்காலம் மூன்று பேரும் போனார்கள். மாஸ்டர் அதே சட்டைதான். காரை இந்த முறை அவரே ஓட்டினார். சுண்டு பின்னாலிருந்து இரண்டு தடவை கேட்டாள்.

"என்னப்பா சொல்லப் போறீங்க?"

"கேட்கிறதுக்குப் பதில் சொல்வேன்."

கண்ணாடி அடைத்த சின்ன அறை. டைக்காரர் எழுந்து நின்று கைகொடுத்தார். இப்போதுதான் அவர் மாஸ்டர் முகத்தை நேராகப் பார்க்கிறார்.

"சார், ஒண்ணும் பயப்படாதீங்க. முன்னால கொஞ்சம் பழைய ஆளா இருந்தேன், இப்ப மாறிட்டேன்னு ரெண்டு வார்த்தை. நீங்க நம்ம பேச்சுலயே பேசுங்க, நான் எடுத்துச் சொல்றேன்."

திரையில் வெள்ளை முடியோடு ஒரு அம்மாள் வந்தாள். நல்ல முகம். சிரித்தாள், ஏதோ கேட்டாள்.

டைக்காரர் சொன்னார். "உங்க பொண்ணு கார் ஓட்டுறதை மொதமொதலா பார்த்தப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்கிறாங்க."

அம்மா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் திரையைப் பார்த்துப் பேசினார். கத்தவில்லை.

"பார்த்ததெல்லாம் இல்லம்மா, பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மொத நாள் மதில்ல மோதப் போனா. அழுதா. இன்னொரு தடவை எடுன்னு நான்தான் சொன்னேன். நான் ஒருநாளும் இவளைத் தடுத்ததில்ல. படத்துல சொன்னது என் கதை இல்ல. பொண்ணு படிப்புல கெட்டி, அதுல பொய் இல்ல. அதை வச்சு இடம் கொடுக்க முடியும்னா கொடுங்க."

கேட்டீர்களா? மனுஷன் உண்மையைச் சொன்னார், அதிலும் மகளுக்காகக் கேட்டார்.

டைக்காரர் ஒரு நொடி தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். நீளமாகச் சொன்னார். நடுவில் ஒரு 'ஸாரி' வந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு 'ஸாரி'. வெள்ளை முடி அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

எழுத்து தெரியாதவனுக்கும் தெரிந்த சொல் அது.

"தம்பி, நான் எங்க ஸாரி சொன்னேன்?"

"அது ஒரு மரியாதைக்கு சார்."

"யாருக்கு மரியாதை? உங்களுக்கா, எனக்கா?"

"சார், நேரம் ஓடுது, அவங்க காத்திருக்காங்க..."

மாஸ்டர் அவரைத் தள்ளிவைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"சுண்டு. உனக்கு ரெண்டு பேச்சும் தெரியும். நான் சொன்னது உன் காதுலயும் விழுந்துச்சு. நீ சொல்லு."

சுண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். டைக்காரரைப் பார்த்தாள். அவர் மேசைக்கடியில் கையால் 'வேண்டாம், வேண்டாம்' என்றார். திரையில் அந்த அம்மாள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

சுண்டு பேசினாள். குரல் ஒரு இடத்தில் உடைந்தது, ஆனால் நிறுத்தாமல் பேசி முடித்தாள்.

மாஸ்டர் மகளைப் பார்க்கவில்லை. அவள் என்ன பேசினாலும் அவருக்குப் புரியப்போவதில்லை. அவர் டைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வேர்வை வடிவது நின்றது. தோள் இறங்கியது. கடைசியில், அடக்கப் பார்த்தும் அடங்காமல், உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

அதிலேயே தெரிந்துவிட்டது.

"சொல்லிட்டேன்பா" என்றாள் சுண்டு.

"தெரியுதும்மா."

இருபது வருடமாக 'வாடா போடா' என்று செல்லமாகக் கூப்பிட்ட மகளை அவர் 'ம்மா' என்றார், வகுப்புக்கு வரும் வெளிப் பெண்களைக் கூப்பிடுவதுபோல. அது அவளுக்கு எங்கே தைத்ததோ, குனிந்துகொண்டாள்.

திரையிலிருந்த அம்மாள் சந்தோஷமாக நிறையப் பேசினாள். கையைக் குவித்துக் காட்டினாள். டைக்காரர் கிட்டத்தட்டக் குதித்தார்.

"இடம் உறுதி சார்! வாழ்த்துக்கள்! அப்புறம் இன்னொண்ணு கேட்கிறாங்க. வர்ற சனிக்கிழமை நம்ம ஹால்ல புதுப் பெற்றோருக்கெல்லாம் கூட்டம் இருக்கு. பிள்ளைங்களைத் தடுக்கிற அப்பாங்க நிறையப் பேர் வருவாங்க. நீங்க வந்து மேடையில நாலு வார்த்தை பேசணுமாம். 'திருந்திய அப்பா'ன்னு தலைப்பே கொடுத்துட்டாங்க. அவங்களும் திரையில இருந்து பார்ப்பாங்களாம்."

"வேண்டாம் சார், அப்பாவுக்கு அன்னிக்கு வகுப்பு இருக்கு" என்றாள் சுண்டு அவசரமாக.

"அவருக்கு மேடையெல்லாம் பழக்கமில்ல" என்றாள் அம்மா, அதைவிட அவசரமாக.

மாஸ்டர் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, அந்தக் கூட்டத்துக்கு வர்ற அப்பன் ஆத்தாளுக்கெல்லாம் நான் பேசுறது புரியும்ல?"

"புரியாம? எல்லாரும் நம்ம ஆளுங்கதானே சார்."

"எடுத்துச் சொல்ல நடுவுல ஆள் வேண்டியதில்ல?"

"தேவையே இல்ல சார். நீங்க பாட்டுக்குப் பேசலாம்."

சொல்லி முடித்தபிறகுதான் டைக்காரருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது.

"அப்போ வர்றேன்" என்றார் மாஸ்டர்.

திரையிலிருந்த அம்மாள் ஆவலாக முன்னால் குனிந்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

டைக்காரர், சுண்டு, அம்மா, மூன்று பேரில் ஒருவரும் எடுத்துச் சொல்ல வாயைத் திறக்கவில்லை.